போர்ட் கெல்லமில் ஒரு வாரம்

எங்கள் ஆட்கள் விடுமுறைக்குக் கிளம்பினால் ஐடில்வைல்டுக்குத்தான் போவார்கள். மிச்சிகன் காட்டுக்குள் ஓர் ஏரிக்கரையில் கறுப்பர்களே நிலம் வாங்கி, கறுப்பர்களே விடுதி கட்டி நடத்திய ஊர் அது. அங்கே யாரும் நம்மை மேலும் கீழும் பார்க்க மாட்டார்கள். நல்ல பாட்டு இருக்கும், நல்ல சாப்பாடு இருக்கும். டெட்ராய்ட்டில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஜூலை மாதத்தில் அங்கேதான் இருப்பார்கள். அதனால் 1959ஆம் வருடக் கோடையில் என் அக்கா ஆர்டீலியா ஐடில்வைல்டுக்கு வரப் போவதில்லை என்று சொன்னதும் எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சே அதுதான்.

அவள் போக ஆசைப்பட்ட ஊர் போர்ட் கெல்லம். மிச்சிகன் ஏரியின் கரையில் இருக்கும் சின்ன நகரம். வெள்ளைக்காரக் குடும்பங்கள் கோடைக்குப் போகிற இடம்.

அக்கா டெட்ராய்ட்டில் ஒரு பல மாடிக் கடையில் லிஃப்ட் ஓட்டினாள். வெள்ளைக் கையுறையும் நீலச் சட்டையும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து, அங்கே என்னென்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். ஆறாவது மாடியில் பயண ஏற்பாடு செய்யும் மேசை ஒன்று இருந்தது. அதன் பின்சுவரில் போர்ட் கெல்லம் போஸ்டர். ஒரு கலங்கரை விளக்கம், மஞ்சள் மணல், நீலத் தண்ணீர், கீழே 'எல்லோரும் வருக' என்று எழுத்து. ஆறாவது மாடியில் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஏரி அவள் முகத்துக்கு நேராக வந்து நிற்கும்.

"எல்லாருமுன்னா எல்லாருந்தானே?" என்று என்னிடம் கேட்டாள். "ஆர்டீலியாவத் தவிரன்னு கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கான்னு உத்துப் பாத்தேன். போடலடி."

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கு உதவியாளாக இருந்தேன். அக்கா வா என்றால் போவதுதான் எனக்குப் பழக்கம். அவள் புருஷன் ராஸ்கோ கார் தொழிற்சாலையில் இரும்பை உருக்கி வார்க்கும் பகுதியில் வேலை செய்தார். வருடம் முழுக்க நெருப்புக்கு முன்னால் நிற்கிற மனிதர். அவருக்கு வருடத்தில் ஒரு வாரம் லீவு. அந்த வாரத்தை எங்கே கழிப்பது என்பதில் அவருக்குப் பெரிய கருத்து எதுவும் கிடையாது. மீன் பிடிக்கத் தண்ணீரும் படுக்க நிழலும் இருந்தால் போதும் என்றார். ஆனால் போர்ட் கெல்லம் என்றதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, இந்த மாநிலத்தில் சட்டப்படி யாரும் இடம் இல்லையென்று சொல்லக் கூடாது, ஆனால் சட்டம் டெட்ராய்ட்டிலேயே பாதி நாள் தூங்குகிறது, அங்கே விழித்திருக்கும் என்று எதிர்பார்க்காதே என்றார். அக்கா டெலிபோனை எடுத்தாள்.

லிஃப்டில் பேசிப் பேசி அவளுக்கு ஒரு குரல் வந்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்ட மாதிரி வரும். அந்தக் குரலில்தான் போர்ட் கெல்லமில் ஹேவர்காம்ப் என்பவர் நடத்திய விடுதியில் இரண்டு அறை கேட்டாள். அவரும் சந்தோஷமாகப் பேசினார். ஏரி தெரிகிற அறையாகவே தருகிறேன், மாலை வெயில் நேராகக் கட்டில் மேல் விழும், உங்களுக்குப் பிடிக்கும் என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். ராஸ்கோவின் பழைய பிளிமத் காரில் பின்சீட்டு முழுக்கச் சாப்பாடு. வழியில் எந்த ஓட்டலில் நுழைய விடுவார்கள் என்று தெரியாததால் எங்கள் ஆட்கள் எப்போதும் அப்படித்தான் போவார்கள். செருப்பு டப்பாவில் வறுத்த கோழி, அவித்த முட்டை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பு. மாநிலத்தைக் குறுக்காகக் கடந்து, மதியத்துக்குப் பிறகு ஒரு மேட்டில் ஏறி இறங்கியபோது ஏரி தெரிந்தது. அக்கா காரை நிறுத்தச் சொன்னாள். இறங்காமல், கண்ணாடியை இறக்கிவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். போஸ்டரில் இருந்ததைவிட நிறம் ஆழமாக இருந்தது.

ஹேவர்காம்ப் விடுதி என்பது பச்சை ஜன்னல் வைத்த வெள்ளைக் குடில்களின் வரிசை. அவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கார் சத்தம் கேட்டுச் சிரித்தபடி திரும்பியவர், நாங்கள் இறங்கியதும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பூவாளியில் இருந்து தண்ணீர் அவர் ஷூ மேல் ஊற்றிக்கொண்டே இருந்தது.

வழி கேட்கிறீர்களா என்றார். அறை சொல்லியிருக்கிறோம் என்றார் ராஸ்கோ. ஏதோ தவறு நடந்திருக்கிறது, எல்லா அறையும் நிரம்பிவிட்டது என்றார் அவர். அவர் தலைக்கு மேலேயே 'அறை காலி' என்ற பலகை தொங்கியது.

அக்கா கையுறையைச் சரி செய்துகொண்டு, அந்த லிஃப்ட் குரலில் பேசினாள். "மிஸ்டர் ஹேவர்காம்ப், நாம டெலிபோன்ல பேசினோமே. மாலை வெயில் கட்டில் மேல விழும்னு சொன்னீங்க. ரொம்ப அன்பாப் பேசினீங்க."

அந்தக் குரலைக் கேட்டதும் அவர் கழுத்தில் இருந்து சிவப்பு மேலே ஏறியது. இப்படியொரு நிலையை அந்த மனிதர் எதிர்பார்க்கவில்லை. கெட்டவராகவும் எனக்குத் தெரியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"தப்பா நெனைக்காதீங்க," என்றார். "எனக்கு ஒண்ணுமில்ல. மத்த ஆளுங்க தங்கியிருக்காங்க, அவங்க என்ன சொல்லுவாங்க? ரயில் பாதைப் பக்கம் உங்க ஆளுங்க ஒரு குடும்பம் இருக்கு. சமையல்காரர். அங்க கேட்டுப் பாருங்க."

ராஸ்கோ ஓர் எட்டு முன்னால் வைத்தார். அக்கா அவர் கையைத் தொட்டாள். "விடு ராஸ்கோ. குடில்தானே இவரோடது. ஏரியுமா?"

காரில் ஏறியதும் நான் ஐடில்வைல்டுக்கே போய்விடலாம் என்று சொன்னேன். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அக்கா பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் இன்னும் தண்ணில கால வெக்கல, லவோன்," என்றாள்.

சமையல்காரர் பெயர் பர்னெல். ஐம்பதைத் தாண்டியவர். ஏரியைப் பார்த்து நிற்கும் பெரிய ஓட்டலில் சமையலறை முழுக்க அவர் பொறுப்பு. அவர் மனைவி எஸ்ஸி அந்த ஓட்டலின் மேசை விரிப்புகளை வீட்டில் வைத்துத் துவைத்துக் கொடுத்தாள். ரயில் பாதை ஓரத்தில் இருந்த அவர்கள் வீட்டுக் கொடியில் வெள்ளை விரிப்புகள் வரிசையாகக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. பதினைந்து வருடமாக அந்த நகரத்திலேயே எங்கள் ஆட்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

பர்னெல் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. பின்கட்டு அறையில் தங்கிக்கொள்ளச் சொன்னார். ஆனால் ஒரு ராத்திரிதான் என்றார். காலையில் எழுந்து ஐடில்வைல்டுக்குப் போங்கள், இங்கே உங்களுக்கு எதுவும் இல்லை என்றார். எஸ்ஸி தட்டில் மீன் வைத்துக்கொண்டிருந்தாள். பேச்சு குறைந்த பெண், மெலிந்து உயரமாக இருப்பாள். அக்கா அவளிடம், இங்கே மணல் எப்படி, கல் குத்துமா, தண்ணீர் ரொம்பக் குளிருமா என்று கேட்டாள்.

எஸ்ஸி கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரியாதும்மா. நாங்க போனதில்ல."

"பதினஞ்சு வருஷமா இங்கதானே இருக்கீங்க?" என்றாள் என் அக்கா.

"ராத்திரி அலைச் சத்தம் நல்லாக் கேக்கும்," என்றாள் எஸ்ஸி.

அக்கா சாப்பிட்டு முடித்ததும் பெட்டியில் இருந்து நீச்சலுடையை எடுத்து நாற்காலி மேல் விரித்துப் போட்டாள்.

மறுநாள் சர்ச் முடிகிற நேரத்துக்கு நாங்கள் கடற்கரை போல விரிந்திருந்த அந்த ஏரிக்கரையில் இருந்தோம். அக்கா மஞ்சள் நீச்சலுடை போட்டு, பெரிய வைக்கோல் தொப்பி வைத்திருந்தாள். ஓரமாக ஒரு மரத்தடியைக் காட்டினேன். அவள் அதைத் தாண்டி நடந்து, மணலின் நட்ட நடுவில் மடக்கு நாற்காலியை விரித்தாள். எங்களைச் சுற்றி இருந்த துண்டுகளும் குடைகளும் மெல்ல நகர்ந்தன. ஒரு பெண் தன் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றி வட்டமாக வெறும் மணல். ராஸ்கோ அதைப் பார்த்துவிட்டு, "காத்தோட்டமா இருக்கு," என்று சொல்லி முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு படுத்தார். தூங்கவில்லை. தொப்பிக்கு அடியில் அவர் கண் திறந்திருந்தது எனக்குத் தெரியும்.

அக்கா எழுந்து தண்ணீரை நோக்கி நடந்தாள். முழங்கால் அளவுக்குப் போயிருப்பாள், குளிப்பவர்களைப் பார்த்துக்கொள்ள உயரமான நாற்காலியில் இருந்த காவல்காரப் பையன் விசிலை ஊதினான். எல்லோரும் வெளியே வாருங்கள் என்று கத்தினான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ரப்பர் வளையங்களும் பந்துகளும் கரைக்கு வந்தன. ஒரு நிமிடத்தில் அத்தனை பெரிய ஏரியில் என் அக்கா மட்டும் நின்றாள்.

அவளும் வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு இன்னும் நான்கு எட்டு உள்ளே போய், மூச்சை இழுத்துக்கொண்டு கழுத்துவரை முங்கி எழுந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"லவோன்," என்று கூப்பிட்டாள். கரை முழுக்க அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "வாடி. கூட்டமே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. போனேன். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. அக்காவுக்கு நீந்தத் தெரியாது, எனக்கும் தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம், அவ்வளவுதான். இரண்டு பெண்கள் தண்ணீரில் குதிப்பதை நூற்றுக்கணக்கான பேர் நின்று பார்த்தார்கள்.

அன்றைக்கு வெயில் கொளுத்தியது. நாங்கள் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை, அவர்கள் உள்ளே வரவில்லை. மணல் சுட்டுப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. பெரியவர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காவல்காரப் பையனைப் பார்த்தார்கள். அவன் எங்களைப் பார்த்தான். விசில் ஊதத் தெரிந்த அளவுக்கு அதை எப்படி முடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு குண்டு மனிதர் எழுந்தார். தோளெல்லாம் இறால் மாதிரிச் சிவந்திருந்தது. கிராண்ட் ராபிட்ஸில் நாற்காலித் தொழிற்சாலையில் வேலை என்று பின்னால் தெரிந்தது. அவர் மனைவி உட்காருங்கள் என்று கையைப் பிடித்தாள்.

"எனக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு வாரந்தான் லீவு," என்றார் அவர் உரக்க. "அதை வெயில்ல நின்னு கழிக்க முடியாது." எங்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தார். அவர் பின்னால் பிள்ளைகள் ஓடின, பிள்ளைகளைப் பிடிக்க அம்மாக்கள் ஓடினார்கள். பாதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். மீதிப் பேர் எங்களிடம் இருந்து தள்ளி நின்று குளித்தார்கள்.

அன்று ராத்திரியும் பின்கட்டு அறைக்கே திரும்பினோம்; பர்னெல் முகம் சுளித்தார், எஸ்ஸி எங்களுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள். அடுத்த நாள் கரைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். எங்கள் வீட்டுப் பக்கத்துப் போலீஸ் மாதிரி இல்லை, பேச்சு நிதானமாகத்தான் இருந்தது. குனிந்து அக்காவிடம், எழுந்து போய்விட்டால் எல்லோருக்கும் நல்லது என்றார். ராஸ்கோ எழுந்து உட்கார்ந்தார். அக்கா அவர் தோளில் கை வைத்தாள்.

"நாங்க என்ன சார் தப்புப் பண்ணினோம்?"

"உங்க மேல புகார் வந்திருக்கும்மா."

"என்ன புகார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இங்க உக்காந்திருக்கீங்கன்னு."

"அந்தம்மா என்ன பண்றாங்க?" அக்கா எதிரே குடைக்கு அடியில் இருந்த ஒரு பெண்ணைக் காட்டினாள்.

"அவங்களும் உக்காந்திருக்காங்க."

"அப்ப அவங்க மேலயும் ஒரு புகார் எழுதிக்குங்க. நான் குடுக்கறேன். ரெண்டு பேரும் சேந்து வர்றோம்."

போலீஸ்காரரின் வாய் ஓரம் அசைந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். இந்தக் கரை நகரசபையுடையதுதானே, டிக்கெட் கிடையாதுதானே என்று ராஸ்கோ அமைதியாகக் கேட்டார். ஆமாம் என்றார் அவர். அப்படியானால் கைது செய்வதென்றால் செய்யுங்கள், இல்லையென்றால் வெயிலை மறைக்காதீர்கள் என்றாள் அக்கா. அவர் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டு, பத்திரமாக இருங்கள் என்று சொல்லிப் போனார். அது எச்சரிக்கையா அக்கறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புதன்கிழமை காலையில் எழுந்து பார்த்தபோது கார் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. நான்கு டயரையும் கத்தியால் கிழித்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ராஸ்கோ குந்தி உட்கார்ந்து, கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தார். அந்த விரல்கள் மடங்குவதையும் விரிவதையும் பார்த்து நான் பயந்தேன். அக்காதான் முதலில் பேசினாள்.

"இவனுங்களுக்கு மூளை இருக்கா பாரு. போகச் சொல்றவன் டயரக் கிழிப்பானா? இப்ப நாம எப்படிப் போறது?"

ராஸ்கோ தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவே நேரம் பிடித்தது. கார் மெக்கானிக்கிடம் போனார். இந்த அளவு டயர் வேறு ஊரில் இருந்து வர வேண்டும், வெள்ளிக்கிழமை ஆகிவிடும் என்றானாம். சரி, அதுவரை நாங்கள் ஏரிக்கரையில்தான் இருப்போம், அங்கே வந்து சொல் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் அன்று மதியம் பர்னெல் வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்தார். சமையல் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. ஏரிக்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எங்களை உட்காரச் சொன்னார். அவர் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

ஓட்டல் மேனேஜர் கூப்பிட்டு விட்டாராம். உன் வீட்டில் தங்கியிருப்பவர்கள் போக வேண்டும், இல்லையென்றால் நீ போக வேண்டும் என்று சொன்னாராம். பர்னெல் இதைச் சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"உங்க தைரியத்த நான் குறை சொல்லலம்மா," என்றார் அக்காவிடம். "ஆனா நீங்க சனிக்கிழமை கிளம்பிப் போயிடுவீங்க. ஞாயித்துக்கிழமையும் நான் இந்த ஊர்லதான் கண் முழிக்கணும். எனக்கு அம்பத்தி மூணு வயசு. இந்த வயசுல எங்க போயி எவன் சமையலறைல நிப்பேன்?"

அக்கா கையில் இருந்த தொப்பியை மேசை மேல் வைத்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது குறைவு.

"நீங்க சொல்றது சரிண்ணே," என்றாள். "இதை நான் யோசிச்சிருக்கணும். பஸ் இருந்தா இப்பவே போயிடறோம். கார் பின்னால வரட்டும்."

நான் துணிகளை மடிக்க எழுந்தேன். அப்போது எஸ்ஸி உள்ளே இருந்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வைக்கிற நீலத் தொப்பியை வைத்திருந்தாள். கையில் ஒரு சமையலறை நாற்காலி.

"எங்க போற?" என்றார் பர்னெல்.

"தண்ணிக்கு."

"எஸ்ஸி, நான் இப்பத்தான் என்ன சொன்னேன்?"

"கேட்டுச்சு. இவங்க போறதுன்னா போகட்டும். போறதுக்கு முன்னால நான் இவங்களோட ஒரு தடவ போயிட்டு வர்றேன். தனியாப் போக எனக்குத் தைரியம் வராது."

"வேலை போயிடும்."

"அந்த ஓட்டல்ல அவங்க பிள்ளைங்க சாப்பிட்டு வாய் தொடச்ச துணியப் பதினஞ்சு வருஷமாத் தொவைக்கிறேன்," என்றாள் எஸ்ஸி. குரல் உயரவேயில்லை. "அவங்க மேல இருந்து வர்ற மணலு என் தொட்டியில தங்குது பர்னெல். அந்த மணலத்தான் நான் பாத்திருக்கேன்."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டாள். அக்கா பர்னெலைப் பார்த்தாள். பிறகு ஓடிப் போய் நாற்காலியின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் தெரு வழியாகப் போனபோது கடைகளில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எஸ்ஸியை எல்லோருக்கும் தெரியும். துணி மூட்டையோடு பின்வாசல்களில் பார்த்திருப்பார்கள். தொப்பி வைத்துக்கொண்டு நடுத்தெருவில் பார்த்திருக்க மாட்டார்கள். பர்னெல் கொஞ்சம் தள்ளி எங்கள் பின்னால் வந்தார். திரும்ப அழைத்துப் போக வருகிறாரா, கூட வருகிறாரா என்று தெரியவில்லை.

எஸ்ஸி ஷூவைக் கழற்றி, காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்தாள். பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முதல் அலை வந்து காலில் பட்டதும் "யம்மா" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் அப்படியே நின்றாள், எதிர்க்கரை தெரியாத ஏரியைப் பார்த்துக்கொண்டு. காவல்காரப் பையன் விசிலை வாய்க்குக் கொண்டுபோய், ஊதாமல் இறக்கினான்.

ஓட்டலின் நீண்ட வராந்தா அந்தக் கரையைப் பார்த்துத்தான் இருக்கிறது. அங்கே மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மணல் தொடங்கும் இடத்தில் அவர்களுடைய சமையல்காரர் வெள்ளை மேலங்கியோடு நின்றார். மேனேஜர் வராந்தாவின் விளிம்புக்கு வந்து பர்னெலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். பர்னெல் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்த்தார். மேலங்கியைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, ஷூ மேல் வைத்தார்.

இரண்டு எட்டு வைத்ததும் துள்ளினார். "மணல் இவ்வளவு சுடும்னு யாருமே சொல்லலியே," என்றார். ராஸ்கோ ஓடிவந்து அவரைத் தோளோடு பிடித்துத் தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று மாலையே வேலை போய்விட்டது. ஆள் அனுப்பிச் சொன்னார்கள். கத்திகள் மட்டும் என்னுடையவை, கொடுத்தனுப்புங்கள் என்றார் பர்னெல். அக்கா அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நீ கூப்பிட்டு நான் வரவில்லை, என் காலில்தான் நான் போனேன், அதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே என்றார். அதன் பிறகு பஸ் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை ராஸ்கோ விடிகாலையில் தூண்டிலோடு போய் வாளி நிறைய மீன் கொண்டுவந்தார். பர்னெல் வீட்டு முன்வாசலில் ஒரு பெரிய இரும்புச் சட்டியை வைத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா நிற்கக் கை பழகவில்லை என்றார். வெங்காயமும் மீனும் வறுபடும் வாசனை ரயில் பாதையைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. மதியம் ஒரு கார் வந்து நின்றது. கிராண்ட் ராபிட்ஸ் குண்டு மனிதர். அவரும் மனைவியும் அந்த ஓட்டலில்தான் தங்கியிருந்தார்கள். நேற்று ராத்திரியும் இன்று காலையும் அங்கே ஆறிப்போன பன்றிக்கறிதான் போட்டார்களாம். பின்பக்கமாக வரட்டுமா என்று சங்கடத்தோடு கேட்டார்.

"முன்னால வாங்க," என்றார் பர்னெல். "இந்த வீட்டுல எல்லாருக்கும் முன்வாசல்தான்."

அந்தக் குண்டு மனிதர் படியில் உட்கார்ந்து, ராஸ்கோவுக்குப் பக்கத்தில், விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டார். இரண்டு பேரும் தொழிற்சாலை மேஸ்திரிகளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவி காரை விட்டு இறங்கவில்லை, ஆனால் தட்டை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை இன்னும் சில கார்கள் வந்தன. ஒரு கல்லும் வந்தது. சமையலறைக் கண்ணாடி உடைந்தது. எஸ்ஸி சில்லுகளைக் கூட்டி அள்ளிவிட்டு, அந்த ஓட்டைக்கு ஓட்டலின் மேசை விரிப்பு ஒன்றை மடித்து ஆணி அடித்தாள். இனிமேல் இதை அவர்களுக்குத் துவைத்துக் கொடுக்கப் போவதில்லை என்றாள்.

சனிக்கிழமை புது டயரில் கிளம்பினோம். ஊரை விட்டு வெளியேறும் வழியில் ஹேவர்காம்ப் விடுதிக்கு முன்னால் அக்கா காரை நிறுத்தச் சொன்னாள். ராஸ்கோ பெருமூச்சு விட்டு நிறுத்தினார். ஹேவர்காம்ப் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"வணக்கம். அடுத்த ஜூலைக்கு ரெண்டு ரூம் வேணும்," என்றாள் அக்கா.

"எல்லாம் நெரம்பிடுச்சும்மா."

"நான் இன்னும் தேதியே சொல்லலியே."

அவர் துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா புன்னகையோடு, பரவாயில்லை, நான் டெலிபோனில் கேட்கிறேன், என் குரல் உங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு வந்து ஏறினாள்.

ஹேவர்காம்ப் அடுத்த வருடமும் அறை தரவில்லை, அதற்கடுத்த வருடமும் தரவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் அக்கா கூப்பிட்டாள், ஒவ்வொரு தடவையும் அவர் நிரம்பிவிட்டது என்றார். எஸ்ஸி வீட்டில்தான் தங்கினோம். அந்த வீட்டின் முன்பக்கம் இப்போது வறுத்த மீன் விற்கும் கடையாகியிருந்தது. பர்னெலுக்கு முதல் குளிர்காலம் ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கிறது, வேறு ஊர்களில் கிடைத்த வேலையெல்லாம் செய்திருக்கிறார். ஆனால் வீட்டை விற்கவில்லை. அந்த ஊரைவிட்டுப் போகச் சொல்லிக் கேட்டவர்கள் எல்லோரிடமும், ஏரிக்கரையில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது, அதை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டாராம்.

இரண்டாவது வருடம் எங்கள் சர்ச்சில் இருந்து மூன்று கார்களில் போனோம். போய் இறங்கிய நாள் மதியமே கரைக்கு நடந்தோம். வட்டமாக யாரும் விலகினார்களா என்று நான் கவனிக்கவில்லை, எங்கள் கூட்டமே அவ்வளவு பெரிதாக இருந்தது. எஸ்ஸி நீச்சலுடை வாங்கியிருந்தாள், சிவப்பு நிறம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, தூரத்தில் தலை மட்டும் தெரிந்த பர்னெலைப் பார்த்து அந்தப் பேசாத பெண் கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"ஏ மனுஷா, ஆழத்துக்குப் போகாத. மீனுக்கு மாவு யாரு கரைக்கறது?"